காரணம் சொல்லி அழியுங்கள்: சுடோகு கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எளிய படிகளைத் தாண்டிய உத்திகளைப் பற்றியவை. பத்தாம் வகுப்பு அணிகள் பாடத்தில் உள்ளது போலவே, கிடையாக இருப்பதை நிரை என்றும் செங்குத்தாக இருப்பதை நிரல் என்றும் குறிப்பிடுகிறேன். (4,1) என்றால் 4-ஆம் நிரையும் 1-ஆம் நிரலும் சந்திக்கும் கட்டம். ஒன்பது கட்டங்கள் கொண்ட சதுரத்தைப் பெட்டி என்கிறேன். எக்ஸ்-விங் என்பது ஓர் எண்ணின் இடங்களை இரண்டு நிரைகளிலும் இரண்டு நிரல்களிலும் பொருத்திப் பார்த்து நீக்கும் உத்தி; அதையே மூன்று நிரைகள், மூன்று நிரல்களில் செய்வது ஸ்வார்டுஃபிஷ்.

எக்ஸ்-விங், ஸ்வார்டுஃபிஷ் இரண்டையும் கற்றுக்கொண்டேன். ஆனாலும் 'கடினம்' எனக் குறிப்பிட்ட புதிர்களில் பாதி வழியில் நின்றுவிடுகிறேன். அடுத்து எந்த உத்தியைக் கற்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தருமபுரி

ஐயா, தாங்கள் அனுப்பியிருந்த புதிரின் நகலைப் பார்த்தேன். அதற்குப் புதிய உத்தி எதுவும் தேவைப்படவில்லை. இடப்பக்க நடுப்பெட்டியில் 1, 6 ஆகிய இரண்டு எண்களும் (4,1), (6,2) என்னும் இரண்டு கட்டங்களில் மட்டுமே வர இயலும். (4,1)-இல் 1, 3, 6, 8 என்றும் (6,2)-இல் 1, 3, 6, 9 என்றும் தாங்கள் குறித்து வைத்திருப்பதால், அந்த இணை மற்ற எண்களுக்கு நடுவே மறைந்துவிட்டது. இரண்டு எண்களுக்கு இரண்டே இடங்கள் என்னும்போது அங்கே மூன்றாவது எண்ணுக்கு இடமில்லை. எனவே 3, 8, 9 ஆகியவற்றை அழித்துவிடலாம். அழித்தவுடன் அந்தப் பெட்டியில் 3-க்கு (5,3) மட்டுமே மிஞ்சுகிறது. புதிர் அங்கிருந்து தானாக அவிழ்கிறது.

மறைந்த இணை நம் கண்ணில் படாததற்குக் காரணம், நாம் கட்டத்தைப் பார்த்து 'இதில் எந்த எண்கள் வரும்' என்று கேட்கப் பழகியிருப்பதுதான். எண்ணைப் பார்த்து 'இது எந்தக் கட்டங்களில் வரும்' என்று கேட்டால் அது உடனே தெரியும். ஒரு நிரையில் ஆறு கட்டங்கள் காலியாக இருந்து, அவற்றில் நான்கு கட்டங்களில் குறிப்பிட்ட நான்கு எண்கள் மட்டுமே வரக்கூடும் என்றால், மீதமுள்ள இரண்டு எண்கள் மீதமுள்ள இரண்டு கட்டங்களில் மறைந்த இணையாக இருக்கும். ஒரே உண்மையை இரண்டு பக்கங்களிலிருந்தும் பார்க்கலாம் என்பதால், எந்தப் பக்கம் சிறியதோ அதைத் தேடுவதே புத்திசாலித்தனம். ஸ்வார்டுஃபிஷ் தேடப் புறப்படும் முன், ஒன்பது பெட்டிகளையும் ஒருமுறை இவ்வாறு சுற்றி வாருங்கள்.

எக்ஸ்-விங் என்று நினைத்து 7-ஐ அழித்தேன். கடைசியில் புதிர் முரண்பட்டது. எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

6-ஆம் நிரையில் 7-க்கு 3, 8 ஆகிய நிரல்கள் மட்டுமே இருந்தன. 2-ஆம் நிரையிலும் அவ்வாறே இருந்திருந்தால் அது எக்ஸ்-விங். ஒரு நிரை 3-ஆம் நிரலை எடுத்துக்கொண்டால் மற்றது 8-ஐ எடுத்தாக வேண்டும் என்பதால், அந்த இரு நிரல்களின் பிற கட்டங்களிலிருந்து 7-ஐ நீக்கலாம். ஆனால் உங்கள் குறிப்பில் (2,9)-லும் ஒரு 7 இருக்கிறது. ஒரு கட்டம் கூடியதும் மேற்சொன்ன காரணம் அறுந்துபோகிறது.

எனினும் அது முழுவதும் வீணில்லை. (2,9)-இல் 7 வந்தால், அதே பெட்டியில் உள்ள (1,8), (3,8) ஆகியவற்றில் 7 வர முடியாது. (2,9)-இல் வராவிட்டால் எக்ஸ்-விங் உறுதியாகி, அப்போதும் அந்த இரண்டு கட்டங்களில் 7 வராது. ஆகவே அந்த இரண்டிலிருந்து மட்டும் நீக்கியிருக்கலாம். எக்ஸ்-விங், ஸ்வார்டுஃபிஷ் வகை உத்திகளை மீன்கள் என்பது வழக்கம்; மீனுக்குத் துடுப்பு முளைத்தது போன்ற அமைப்பு என்பதால் இதை ஃபின்டு எக்ஸ்-விங் என்பார்கள்.

எக்ஸ்ஒய்-விங்கில் எந்தெந்தக் கட்டங்களிலிருந்து எண்ணை நீக்கலாம்?
– தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

(1,1)-இல் 2, 5. (1,6)-இல் 2, 9. (3,2)-இல் 5, 9 என்று வைத்துக்கொள்வோம். (1,1)-இல் 2 வந்தால் (1,6) 9 ஆகும். 5 வந்தால் (3,2) 9 ஆகும். எப்படியும் இரண்டில் ஒன்று 9 என்பதால், அவ்விரண்டையும் ஒருசேரப் பார்க்கும் (அதாவது ஒவ்வொன்றுடனும் ஒரே நிரை, நிரல் அல்லது பெட்டியில் உள்ள) கட்டம் எதிலும் 9 இருக்க முடியாது. பெரும்பாலோர் (1,2), (1,3) இரண்டிலும் 9-ஐ அழித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். (3,4), (3,5), (3,6) ஆகிய மூன்றும் நிரை வழியாக (3,2)-ஐயும், பெட்டி வழியாக (1,6)-ஐயும் பார்க்கின்றன என்பதால் அங்கேயும் 9-ஐ அழிக்க வேண்டும். என் அனுபவத்தில், புதிரைத் திறப்பது பல நேரங்களில் அந்த மறந்துபோன மூன்றில் ஒன்றுதான்.

ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைக் கட்டங்களிலும் 4, 6 இருந்தால், கூடுதலாக 9 உள்ள மூலையில் 9-ஐப் போடலாம் என்கிறார்களே, சரியா?
– வாசகர், பாலக்கோடு

இது யூனிக் ரெக்டாங்கிள். ஒரு புதிருக்கு ஒரே தீர்வுதான் என்பதையே சான்றாகக் கொள்ளும் உத்தி. (1,3), (1,7), (2,3) ஆகியவற்றில் 4, 6 மட்டும் இருந்து, (2,7)-இல் 4, 6, 9 இருந்தால் அங்கே 9 வந்தாக வேண்டும். வராவிட்டால் 4-ஐயும் 6-ஐயும் இடம் மாற்றி இரண்டாவது தீர்வு பெறலாம். ஆனால் நான்கு மூலைகளும் இரண்டே பெட்டிகளுக்குள் அடங்க வேண்டும். நீங்கள் வரைந்து அனுப்பிய செவ்வகம் 2, 8 ஆகிய நிரைகளில் அமைந்து நான்கு பெட்டிகளில் பரவியுள்ளது. அங்கே இடம் மாற்றினால் ஒவ்வொரு பெட்டியும் கெட்டுவிடும் என்பதால் இரண்டாம் தீர்வு உருவாகாது, உத்தியும் செல்லாது. செல்லும் இடத்திலும் நான் இதைக் கடைசியாகவே கையாளுகிறேன். புதிரை அமைத்தவர் தவறு செய்திருந்தால் இது நம்மையும் சேர்த்துத் தவறச் செய்யும்.

சங்கிலி முறையும் ஊகம்தானே? ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
– மாங்கூழ் ஆலைக் கணக்கர், கிருஷ்ணகிரி

நியாயமான கேள்வி. எண்ணைப் போட்டு, முட்டும் வரை நிரப்பி, முட்டினால் அழித்துத் திரும்புவது தேடல். முட்டாவிட்டால் ஏன் சரியாக வந்தது என்று நமக்கே தெரியாது. சங்கிலியில், (7,4)-இல் 3 வந்தாலும் 8 வந்தாலும் (2,9)-இல் 5 வராது என்று இரு பக்கங்களிலிருந்தும் ஒரே முடிவுக்கு வருகிறோம். ஆடுபுலி ஆட்டத்தில் புலி எந்தப் பக்கம் பாய்ந்தாலும் இந்த ஆடு பிழைக்கும் என்று பார்த்துக் காயை நகர்த்துவது இதைப் போன்றதே. கட்டத்தில் எதையும் எழுதாமல் வாய்மொழியாக எடுத்துரைக்க முடிந்தால் அதைத் தருக்கம் என்றே கொள்வேன். பின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்காலா உருவாக்கிய மிகக் கடினமான புதிர்களை எக்ஸ்-விங், எக்ஸ்ஒய்-விங் போன்றவற்றால் மட்டும் திறக்கவே முடியாது. நீண்ட சங்கிலிகள் வேண்டும்.

கொடுக்கப்பட்ட எண்கள் குறையக் குறையப் புதிர் கடினமாகுமா?
– பள்ளி மாணவர், அரூர்

ஆகாது. ஒரே தீர்வு கிடைக்க ஆகக் குறைந்தது 17 எண்கள் தேவை என்று 2012-இல் டப்ளினைச் சேர்ந்த கேரி மக்குவைர் குழுவினர் கணினி வழியாக நிறுவினர். ஏறத்தாழ 49,000 பதினேழு-எண் புதிர்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பல மிக எளியவை. எண்கள் எத்தனை என்பதைவிட, அவை எங்கே இருக்கின்றன என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது.

தினமும் தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் செல்கிறேன். நாளிதழின் சிறிய கட்டங்களில் பேனாவால் எல்லா எண்களையும் குறிக்க இடமில்லை. என்ன செய்வது?
– வங்கி ஊழியர், தருமபுரி

ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டு இடங்கள் மட்டும் இருந்தால் அதை மட்டும் குறியுங்கள். 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியனான தாமஸ் ஸ்னைடரின் பெயரால் அறியப்படும் முறை இது. கட்டங்கள் நெரிசலாகாது; ஒரே இரண்டு கட்டங்களில் ஒரே இரண்டு எண்கள் தென்பட்டால் அதுவே இணை. எக்ஸ்-விங் போன்றவற்றுக்கு இந்தக் குறிப்புகள் போதாமல் போகலாம் என்பதால், நின்றுவிட்ட பிறகு மட்டும் எஞ்சிய கட்டங்களை முழுவதுமாகக் குறியுங்கள். பேருந்து குலுங்கும்போது 1-உம் 7-உம் ஒன்றுபோல் விழும் என்பதால், 7-க்கு நடுவே ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.