கொடையாளரின் எலும்பு–குருத்தெலும்பு ஒட்டு முழங்காலில் நழுவாமல் நிற்பது எப்படி?

வேளச்சேரியிலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் கவலை, தம்பியின் முழங்காலில் பொருத்திய ஒட்டு, பறக்கும் ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்கும்போது நகர்ந்துவிடுமோ என்பது. நியாயமான கவலைதான்.

முதல் நாளில் ஒட்டைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இறுக்கம் மட்டுமே. சேதமடைந்த இடத்தை வட்டமாகக் குடைந்து, அதற்கு ஈடான அளவில் கொடையாளரின் மூட்டிலிருந்து வெட்டிய உருளையை, தச்சர் தேக்கு முளையைத் துளையில் இறக்குவதுபோல மெல்ல அழுத்தி இறக்குகிறார்கள். உருளையின் தலைப்பில் சில மில்லிமீட்டர் தடிப்பில் வழவழப்பான குருத்தெலும்பும், அதன் அடியில் பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ. எலும்பும் இருக்கும். இறுக்கம் போதாவிட்டால் கரையும் ஊசியோ திருகோ சேர்ப்பார்கள்.

என் பார்வையில், இதில் மிக நுட்பமானது, ஒட்டின் மேற்பரப்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்போடு ஒரே மட்டத்தில் நிறுத்துவது. ஒட்டு துருத்தி நின்றால் ஒவ்வோர் அடியிலும் சுமை அதன்மேல் குவிந்து அதை அசைக்கும். தாழ்ந்து போனால் சுற்றியுள்ள விளிம்பு அந்தச் சுமையை ஏற்கும். ஓங்கித் தட்டினாலோ குருத்தெலும்புச் செல்கள் மடியும்.

நிலையான பிடிப்பு எலும்பிலிருந்தே வருகிறது. இரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்பின் விளிம்புகள் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. அடியிலுள்ள கொடை எலும்போ மாதக்கணக்கில் மெல்ல அரிக்கப்பட்டு, அவ்விடத்தில் தம்பியின் சொந்த எலும்பு வளர்கிறது. இந்த மாற்றத்தின் நடுவே ஒட்டு தற்காலிகமாக வலுவிழக்கலாம் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை அவர் ஊன்றுகோலை விடக் கூடாது. படிகளைத் தவிர்த்து மின்தூக்கியில் செல்லட்டும்.