யூத ஜெப ஆலயங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வாராவாரம் காணிக்கை வாங்குவார்களா?

வாராவாரம் வாங்குவதில்லை, வாங்கவும் வழியில்லை. நியூ ஜெர்சியில் நடுத்தர அளவுள்ள ஒரு சினகாகுக்குப் (யூத ஜெப ஆலயத்துக்கு) பகுதிநேரமாகக் கணக்கு பார்க்கிறேன். நான் யூதர் இல்லை. அதனால் அமெரிக்க வழக்கத்தை மட்டும், கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதில் தொடங்கி சனிக்கிழமை இருட்டும் வரை சப்பாத், ஓய்வு நாள். மரபைப் பின்பற்றுகிறவர்கள் அன்று காசைத் தொட மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். ஆனால் ஆட்கள் கூடுவதே அன்றுதான். அப்புறம் காணிக்கைத் தட்டை எங்கே சுற்றுவது? உண்டியல் இருக்கிறது, வார நாள் காலைத் தொழுகையில் அதில் காசு போடுவார்கள். அது பெரும்பாலும் ஏழைகளுக்குப் போகிற பணம். கரண்ட் பில்லுக்கு ஆகாது.

ஆகவே பெரும் பாரம் வருடச் சந்தாவின் மேல்தான். பல இடங்களில் கணக்கு வருடம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். கோடையில் சந்தா பில் போகும். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) என்ற பெருநாட்கள். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட அப்போது வருவார்கள். டிசம்பரில் வருமான வரிக்காகக் கொஞ்சம் நன்கொடை வரும். பிப்ரவரி முதல் மே வரை வரவு வற்றிவிடும், சம்பளமோ மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். பட்ஜெட் போட உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த நாலு மாதத்தைத்தான்.

யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் கோல் நித்ரே பிரார்த்தனை. பல இடங்களில் வருடத்தின் பெரிய நன்கொடை வேண்டுகோள் அன்றுதான். ஒவ்வொருவர் கையிலும் பெயர் ஒட்டிய ஒரு அட்டை இருக்கும். அதன் ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொகை: 18, 36, 180, 360, 1,800 டாலர். (நம்மூர் மொய்யில் 101, 501 எழுதுவது போல அவர்களுக்கு 18-இன் மடங்குகள்.) சப்பாத் போலவே அன்றும் பேனா எடுக்கக் கூடாது என்பதால், கொடுக்க நினைக்கும் தொகையின் நாக்கை மடித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் போதும். பண்டிகை முடிந்ததும் அந்த அட்டைகளைக் கட்டுக் கட்டாக மேஜையில் போட்டு, மடிப்பைப் பார்த்துப் பார்த்து ரசீது போடுவேன். அரைகுறையாக மடித்திருந்தால் போன் செய்து கேட்க வேண்டும். இந்த ஆபீஸில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

செலவில் பெரும்பங்கு சம்பளம்: ரபி (யூத மதகுரு), பிரார்த்தனை பாடும் கான்டர், எபிரேயப் பள்ளி ஆசிரியர்கள், ஆபீஸ் ஆட்கள். அடுத்தது கட்டடம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ட்ரீ ஆஃப் லைஃப் சினகாகில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு, பாதுகாப்பு இல்லாமல் எந்தச் சபையும் பட்ஜெட் எழுத முடியாது. மத்திய அரசின் பாதுகாப்பு மானியம் உண்டு. ஆனால் முதலில் கையிலிருந்து செலவு செய்து, பிறகுதான் திரும்ப வாங்க முடியும். கையிருப்பு இல்லாத சிறிய சபைகள் இங்கேதான் திணறுகின்றன.

இனி சந்தா. ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் இடங்கள் நிறைய. முன்பு இருக்கைகளையே விலைக்கு விற்றார்கள், முன்வரிசைக்கு விலை கூடுதல். ஸ்டீபன் வைஸ் என்ற ரபி 1907-இல் நியூயார்க்கில் ஃப்ரீ சினகாக் தொடங்கியபோது இருக்கைக் கட்டணமே வேண்டாம் என்றார். இப்போது பல சபைகள், 'உங்களால் முடிந்ததை நீங்களே சொல்லுங்கள்' என்ற முறைக்கு வந்துவிட்டன. பைபிளின் யாத்திராகமத்திலேயே இரண்டும் உண்டு. பணக்காரரும் ஏழையும் ஒரே அளவாகக் கொடுத்த அரைச் சேக்கல் (அக்கால வெள்ளி எடை) ஒன்று. மனமுவந்து கொண்டுவந்த காணிக்கை தேவைக்கு மேல் குவிந்து, இனி கொண்டுவர வேண்டாம் என்று மோசே நிறுத்தியது இன்னொன்று.

எனக்கு மனமுவந்து கொடுக்கும் முறைதான் சரி என்று படுகிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்குச் சபை உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை, பணம் கேட்டு அனுப்பும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். மொத்தச் செலவு 6 லட்சம் டாலர், குடும்பங்கள் 200 என்றால், தலைக்கட்டுக்கு 3,000. அது தெரிந்தால் வசதி உள்ளவர்கள் அதற்கு மேலும் எழுதுவார்கள். சொல்லாவிட்டால் போன வருடத் தொகையே திரும்ப வரும்.

பழைய சந்தா முறையே இருந்தாலும் சரி, சலுகை கேட்பவரிடம் வருமான வரிப் பத்திரத்தைக் கேட்காதீர்கள். வேலை போன ஒருவர், மகனின் பார் மிட்ஸ்வாவுக்கு (பதின்மூன்று வயதில் நடக்கும் சடங்கு) ஆறு மாதம் இருக்கும்போது, கமிட்டி முன்னால் சம்பளச் சீட்டை நீட்ட வேண்டும் என்றால் பேசாமல் விலகிப்போய்விடுவார். 'இந்த வருடம் இவ்வளவுதான் முடியும்' என்று ஒரு வரி வந்தால் எங்கள் ஆபீஸில் ஏன் என்று கேட்பதில்லை. சலுகைக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே வரவில் கழித்து எழுதிவிடுகிறோம். கடந்த மூன்று வருடச் சலுகைகளின் சராசரியை எடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்வோம்.