போன்ல சிக்னல் ஃபுல்லு, டிவைஸ்ல டேட்டா வரல: வடசென்னையில ஐஓடி ஃபீல்டு டெஸ்ட், கேள்வி பதில்

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டை பக்கம்தான் இருக்கேன். ஐஓடின்னு சொல்ற, தானா நெட்ல டேட்டா அனுப்பற சிம் போட்ட டிவைஸுங்க, அதாவது தண்ணி லெவல் சென்சார், வண்டி டிராக்கர், கோல்டு ஸ்டோரேஜ் டெம்பரேச்சர் மீட்டர் மாதிரி சாமானுங்கள, மாட்டப் போற எடத்துலயே வச்சு நெட்ஒர்க் ஒழுங்கா எடுக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை. நிறைய பேர் தனித்தனியா கேட்டுட்டே இருந்தீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்றேன்.

கேள்வி (கொருக்குப்பேட்டை, காலேஜ் ஃபைனல் இயர்): அக்கா, என் போன்ல ஃபுல் சிக்னல் காட்டுது, அதே டேபிள் மேல என் டிவைஸ் போர்டுல ஏடி+சிஎஸ்கியூன்னு சிக்னல் கேக்கற கமாண்ட் அடிச்சா 9 தான் வருது. நெட்ஒர்க் எடுக்கற மாட்யூல் டூப்ளிகேட்டா?

பதில்: மாட்யூல் மேல பழி போடாத தம்பி. போன்ல அந்த கோடு எத்தனை காட்டணும்னு ஒவ்வொரு கம்பெனியும் அதுவா முடிவு பண்றது, அதுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. அதுவும் இல்லாம போன்ல ரெண்டு நாலு ஆன்டெனா, பத்துப் பதினஞ்சு பேண்ட் (அலைவரிசை), 5ஜி வேற. உன்னோடது கேட்-1 பிஸ், அதாவது வேகம் கம்மியான 4ஜி மாட்யூல், அதுக்கு ஆன்டெனா ஒண்ணே ஒண்ணு. சிஎஸ்கியூங்கறது 2ஜி காலத்துக் கணக்கு, நம்பரை ரெண்டால பெருக்கி 113 கழிச்சா ஆர்எஸ்எஸ்ஐ, அதாவது மொத்த பலம், வரும், உனக்கு மைனஸ் 95. அது சுத்தி இருக்கற ரேடியோ சத்தம் எல்லாத்தையும் சேத்த அளவு, 4ஜில அதை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஏடி+சிஇஎஸ்கியூ அடி, கடைசியா வர்ற நம்பர்ல 140 கழி, அதான் ஆர்எஸ்ஆர்பி, உன் டவரோட சிக்னல் மட்டும் எவ்ளோ பலம்ங்கறது. 255 வந்தா அளக்க முடியலன்னு அர்த்தம். மைனஸ் 90க்கு மேல இருந்தா தாராளம், மைனஸ் 105 வரைக்கும் வண்டி ஓடும், மைனஸ் 115க்கும் கீழ போயிட்டா கேட்-1 தத்தளிக்கும். கூடவே எஸ்ஐஎன்ஆரையும், அதாவது சத்தத்துக்கு நடுவுல சிக்னல் எவ்ளோ சுத்தமா இருக்குங்கறதையும் பாரு, பத்துக்கு மேலன்னா நிம்மதி, பூஜ்யத்துக்குக் கீழ போனா தலைவலி.

கேள்வி (பெரம்பூர்): மேடம், மொட்ட மாடில வச்சா ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 78. சூப்பர்னு நெனச்சேன், ஆனா பத்து மெசேஜ் அனுப்பினா மூணு நாலு காணோம். கீழ வீட்டுக்குள்ள வச்சா எல்லாம் போகுது. இது எப்படி?

பதில்: உயரத்துல வச்சா நல்லதுன்னு எல்லாரும் நெனைக்கறது இங்கதான் அடி வாங்குது. பெரம்பூர் மாதிரி டவர் நெருக்கமா இருக்கற ஏரியாவுல மாடி மேல நின்னா அஞ்சாறு டவரும் ஒரே நேரத்துல கண்ணுக்குத் தெரியும், எல்லாம் ஒரே பேண்டுல கத்தும், அதனால சிக்னல் பலமா இருந்தாலும் சுத்தமா இருக்காது. டிவைஸ் எழுதி வைக்கற பதிவுல, அதாவது லாக்ல, செல் ஐடி (பிடிச்சிருக்கற டவரோட நம்பர்) நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறிட்டே இருக்கும் பாருங்க, அதான் அடையாளம். டிவைஸை கைப்பிடிச்சுவர் மட்டத்துக்குக் கீழ இறக்குங்க, இல்ல தண்ணி டேங்குக்கு ஒரு பக்கமா மறைவா மாட்டுங்க. ஆர்எஸ்ஆர்பி ஏழெட்டு டிபி (சிக்னல் அளக்கற அலகு) குறையும், குறையட்டும், எஸ்ஐஎன்ஆர் ஏறும், மெசேஜ் போகும்.

கேள்வி (வியாசர்பாடி, சின்ன கம்பெனி): கணேசபுரம் சப்வேல தண்ணி ஏறினா முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பற சென்சார் பண்றோம். ஒரு நாள் மத்தியானம் போய் டெஸ்ட் பண்ணோம், எல்லாம் ஓகே. இது போதுமா அக்கா?

பதில்: போதாதுப்பா, கொஞ்சமும் போதாது, இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும் ஏன்னா உங்க டிவைஸ் பேச வேண்டிய நாளே மழை நாள்தான், வெயில் அடிக்கற மத்தியானம் அது என்ன சொன்னாலும் யாருக்கும் பிரயோஜனம் இல்ல. மழை கொட்டி தண்ணி நின்னா பாதுகாப்புக்காக கரண்ட்ட நிறுத்துவாங்க, டவர் பேட்டரில ஓடும், அப்புறம் டீசல், ரோட்ல தண்ணி நின்னா டீசல் வண்டி வராது, டவர் படுத்துரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ நம்ம பக்கம் போனே வேலை செய்யாம கெடந்தது மறந்துருக்காது. அதனால நீங்க டெஸ்ட் பண்ண வேண்டியது இன்னைக்கு கிடைக்கற டவர் கிடைக்குதாங்கறது இல்ல, அந்த டவர் செத்தா அடுத்தது கிடைக்குமாங்கறதுதான்.

எப்படி பண்றதுன்னா, ஆன்டெனாவுக்கும் மாட்யூலுக்கும் நடுவுல சிக்னலை வேணும்னே 10 டிபி குறைக்கற அட்டனுவேட்டர் ஒண்ணு திருகி மாட்டுங்க, கட்டை விரல் அளவு சாமான்தான், ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடினா கெடைக்கும். மாட்டின பிறகும் நெட்ஒர்க்ல ரிஜிஸ்டர் ஆகி மெசேஜ் போச்சுன்னா உங்க கையில பத்து டிபி மிச்சம் இருக்குன்னு அர்த்தம். போகலன்னா அந்த எடம் விளிம்புல நிக்குது, மழை அன்னைக்கு கைவிட்டுரும். ஆன்டெனாவையே கழட்டி டெஸ்ட் பண்றேன்னு மட்டும் கெளம்பாதீங்க, மாட்யூலோட பவர் ஆம்ப்ளிஃபயருக்கு நல்லது இல்ல. அடுத்து மாட்யூலை ஒரு நேரத்துல ஒரே பேண்டுல மட்டும் நிக்க வச்சு ஒவ்வொண்ணா பாருங்க. ஜியோன்னா 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் மூணும் தனித்தனியா, 850 தான் பாலத்துக்கு கீழ நல்லா நுழையும். அப்புறம் வேற ஆபரேட்டர் சிம்மு ஒண்ணு பக்கத்துலயே வச்சு அதையும் ஓட விடுங்க.

இன்னொண்ணு, மாட்டற உயரம். சென்சார் கீழ பாத்த மாதிரி இருக்கலாம், ஆனா மோடம் (மாட்யூல்) இருக்கற பெட்டி தண்ணி எட்டாத உயரத்துல இருந்தே ஆகணும், ஆன்டெனா தண்ணில முங்கிட்டா நெட்ஒர்க் அதோட முடிஞ்சது. எச்சரிக்கை போகலன்னா டிவைஸ் அதை மெமரில வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணணும், சர்வர் பக்கமும் டிவைஸ்கிட்ட இருந்து இவ்ளோ நேரமா சத்தமே இல்லன்னா அதையே ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கணும். சப்வே உள்ள ஆட்டோவோ பஸ்ஸோ சிக்கக் கூடாதுன்னுதானே இதைப் பண்றோம்.

கேள்வி (காசிமேடு): அக்கா, இன்னா பண்ணாலும் மீன் வைக்கற கோல்டு ரூம் உள்ள டவர் எடுக்க மாட்டேங்குது.

பதில்: எடுக்காது அண்ணே, செவுத்துல ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு, அது அலையைத் திருப்பி அனுப்பிரும். மோடத்தை வெளிய மாட்டிட்டு டெம்பரேச்சர் ப்ரோப் ஒயரை மட்டும் உள்ள விடுங்க. ஆன்டெனாவுக்கு அஞ்சு மீட்டர் மெல்லிசு ஒயர் இழுத்துறாதீங்க, ஆர்ஜி174 ஒயர்ல மீட்டருக்கு ஒரு டிபிக்கு மேலயே போகும், மூணு டிபி போனாலே பாதி பவர் போச்சு. உப்புக்காத்துல ஆன்டெனா திருகற எஸ்எம்ஏ கனெக்டர் பச்சை பூத்துரும், சிக்னல் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், யாருக்கும் தெரியாது. மாட்டினதும் ஒட்டிக்கற ரப்பர் டேப்பை இழுத்து சுத்துங்க, முதல் நாள் ரீடிங்கை எழுதி வைங்க, மூணு மாசம் கழிச்சு அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

கேள்வி (காசிமேடு, இன்னொருத்தர்): அதே டிவைஸ போட்ல வச்சா கடல்ல எவ்ளோ தூரம் வரும்?

பதில்: கடல் மேல மறைப்பு இல்லாததால தூரமா போகும், ஆனா கணக்கு வேற. 2ஜில 35 கிலோமீட்டர்தான் எல்லை, அதுக்கு மேல சிக்னல் தெரிஞ்சாலும் டைமிங் ஒத்துக்காது. 4ஜில அந்த டவரை எப்படி செட் பண்ணிருக்காங்கங்கறத பொறுத்து, சாதாரண செட்டிங்னா பதினாலு பதினஞ்சு கிலோமீட்டர்லயே நின்னுரும். டீசல் கணக்கு, ரூட்டு கணக்குக்கு வச்சுக்கோங்க, உயிர் காக்கற விஷயத்துக்கு இதை நம்பாதீங்க. அதுக்கு சாட்டிலைட் டிரான்ஸ்பாண்டர் தான்.

கேள்வி (மணலி, கன்டெய்னர் யார்டு): சார், டிராக்கர் காலையில வருது, சாயங்காலம் காணோம், மறுநாள் வருது. டிவைஸை யாரும் தொடல.

பதில்: டிவைஸை தொடல, பக்கத்துல பெட்டிய அடுக்கிட்டாங்க. யார்டுல இரும்புச் சுவரு தெனம் எடம் மாறுது, ரெண்டு அடுக்குக்கு நடுவுல மாட்டின டிராக்கருக்கு வானமே தெரியாது. இந்த மாதிரி எடத்துல நின்னு ரீடிங் எடுக்கறது வேஸ்ட், ஒரு வாரம் தானா பதிவு பண்ற லாகர் போட்டு விட்டுட்டு எந்த நேரம் தொலையுது, எவ்ளோ நேரம் கழிச்சு திரும்ப வருதுன்னு பாருங்க. ஆன்டெனா இரும்புல ஒட்டி இருந்தா அதோட ட்யூனிங்கே மாறிரும், இரும்பு மேல ஒட்டறதுக்குன்னே பண்ண ஆன்டெனா வாங்குங்க. அப்புறம் நான் மேடம், சார் இல்ல, பரவால்ல.

கேள்வி (மாதவரம்): என்பி-ஐஓடியா, கேட்-1ஆ, 2ஜியா? எதுக்குப் போறது?

பதில்: நகராத சாமான், ஒரு நாளைக்கு நாலு வரி டேட்டான்னா என்பி-ஐஓடி, அதாவது கம்மி டேட்டா அனுப்பற சாமானுக்குன்னே உள்ள நெட்ஒர்க். பழைய 2ஜி டேட்டாவான ஜிபிஆர்எஸ்ஸ விட 20 டிபி ஆழமா போகும்னுதான் அதை வடிவமைச்சாங்க. ஆனா அந்த எடத்துல அந்த ஆபரேட்டர் அதை ஆன் பண்ணிருக்கணும், சிம்முலயும் அந்த பிளான் இருக்கணும், வாங்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் சிம் கேளுங்க. ஆழமா போகறதும் சும்மா இல்ல, சிக்னல் கம்மியான எடத்துல ஒரே செய்தியை நூறு தடவைக்கு மேல கூட திருப்பி அனுப்பும், பேட்டரி அங்கதான் கரையும், டேட்டாஷீட்ல போட்ட பத்து வருஷம்லாம் நல்ல சிக்னலுக்கு. வண்டில ஓடற டிவைஸ்னா கேட்-1 பிஸ். 2ஜி ஜியோல கிடையவே கிடையாது, ஏர்டெல் 3ஜிய 2020லயே மூடிட்டாங்க, புதுசா டிசைன் பண்றவங்க 2ஜிய மட்டும் நம்பி எறங்காதீங்க. பழைய 2ஜி போர்டு வச்சிருந்தா, அனுப்பற நொடில ரெண்டு ஆம்பியர் இழுக்கும், பக்கத்துல பெரிய கெப்பாசிட்டர் இல்லன்னா ரீசெட் ஆகும், நீங்க அதை நெட்ஒர்க் கோளாறுன்னு எழுதி வச்சுருவீங்க.

கேள்வி (எண்ணூர்): சிஇரெக் 1 வருது, அதாவது நெட்ஒர்க்ல சேந்தாச்சு, ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 88, ஆனா சர்வருக்கு ஒண்ணும் போகல. 13 இலக்க நம்பர் உள்ள சிம்மு.

பதில்: அது எம்2எம் சிம், மெஷினுக்கு மெஷின் பேசறதுக்கு, முன்னாடியே குடுத்த ஐபிக்கும் (சர்வர் முகவரி) குடுத்த ஏபிஎன்னுக்கும் (டேட்டா போற வாசல்) மட்டும்தான் டேட்டா விடும். சிம் வாங்கினவங்க சர்வர் ஐபிய ஆபரேட்டர்கிட்ட பதிஞ்சாங்களான்னு கேளுங்க. கவரேஜ் நல்லா இருக்கு, டிவைஸை தூக்கிட்டு அலையாதீங்க.

கேள்வி (திருவொற்றியூர்): இதுக்கெல்லாம் லட்ச ரூபா மீட்டர் வேணுமா ப்ரோ?

பதில்: வேணாம். லேப்டாப்பு, அதை போர்டோட இணைக்க யுஎஸ்பி டு சீரியல் ஒண்ணு, நீங்க விக்கப் போற அதே டிவைஸ் அதே டப்பாவுல, ரெண்டு ஆபரேட்டர் சிம்மு, அட்டனுவேட்டர், அவ்ளோதான். மூடிய தொறந்து வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, மூடினதும் நம்பர் மாறும். பவர் பேங்க்ல ஓட்டறவங்க கவனிங்க, டிவைஸ் தூங்கினா கரண்ட் கம்மியா இழுக்கும், பவர் பேங்க் லோடு இல்லன்னு நெனச்சு ஆஃப் ஆயிரும், லாக்ல பாத்தா நெட்ஒர்க் போன மாதிரியே தெரியும். ஒவ்வொரு வரிலயும் நேரம், எடம், பேண்டு, செல் ஐடி, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் இருக்கணும், அதை விட முக்கியமா அனுப்பின மெசேஜ் நம்பரும் சர்வருக்கு வந்து சேந்த நம்பரும்.

கேள்வி (மணலி): ரிஃபைனரி ஒட்டின ரோட்ல லேப்டாப் வச்சுட்டு நின்னா செக்யூரிட்டி விடுவாங்களா?

பதில்: முன்னாடியே எழுத்துல பர்மிஷன் வாங்கிட்டுப் போங்க. உள்ள, கேஸ் வர்ற ஏரியாவுல சர்டிஃபிகேட் இல்லாத எந்த டிவைஸையும் ஆன் பண்ணவே கூடாது, போன் உட்பட.

கேள்வி (ராயபுரம்): ஒரு எடத்துல எத்தனை நாள் வைக்கணும் அக்கா?

பதில்: கொறஞ்சது ஏழு நாள், நடுவுல ஞாயித்துக்கிழமை கண்டிப்பா இருக்கணும். காசிமேடு மார்க்கெட் பக்கம்னா ஞாயிறு விடியக்காலை கூட்டத்துல டவர் திணறும், மத்த எடத்துல ராத்திரி ஏழுல இருந்து பத்து வரைக்கும் எல்லாரும் வீடியோ பாக்கற நேரம், ஆர்எஸ்ஆர்பி அசையாது ஆனா எஸ்ஐஎன்ஆர் எறங்கும், மெசேஜ் லேட்டாகும். அந்த நேரத்து லாகை மட்டும் தனியா பிரிச்சு இங்க போடு, பாத்துட்டு சொல்றேன்.