அப்பாவின் போனை ரீசெட் செய்யலாமா?

கேள்வி: அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா தினமும் காலையில் அவர் படத்துக்கு முன்னால் காபி வைக்கிறார். அவருடைய போனை சார்ஜ் போட்டு, வாட்ஸ்அப்பில் அவர் பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைக்க விடுவதில்லை. போனை ரீசெட் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அண்ணன். செய்யலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். வருஷத் திதி முடியும்வரை பண்டிகையே கொண்டாடாத ஊர் நம்முடையது. எட்டே மாதத்தில் அம்மா தேறிவிட வேண்டும் என்று யாருக்கு அவசரம்?

அவசரம் அந்தக் குரலுக்குத்தான். பேச்சு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவும் இல்லாமல் 90 நாள் கிடந்த சிம் துண்டிக்கப்படலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகும். எனவே ரீசார்ஜை விடாதீர்கள். இறப்புச் சான்றிதழோடு போய் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றுங்கள். அடுத்து, அப்பா - அம்மா சாட்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, ‘மோர்’ போய், ‘எக்ஸ்போர்ட் சாட்’டில் மீடியாவோடு சேமியுங்கள். டவுன்லோட் ஆகாத பதிவுகள் அதில் வராது. ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கிவிட்டு எடுங்கள். இரண்டு பென் டிரைவில் பிரதி வைத்து, இரண்டிலும் ஓட்டிக் கேட்டுப் பாருங்கள். சில பிளேயரில் ஓடாது, விஎல்சியில் ஓடும்.

படத்தையும் கழற்றிப் பாருங்கள். மாலையின் ஈரம் சட்டத்தின் கீழ் விளிம்பில் இறங்கி, போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகமே கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, புதுப் பிரின்ட்டை மாட்டுங்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைத்து. போடும் பூவை அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். மூலப்படம் பீரோவில் இருக்கட்டும்.

சட்டையை நிழலில் நன்றாக உலர்த்தி, ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை கூடவே கூடாது, அதன் வாசனைதான் மிஞ்சும். தினமும் திறந்தால் மணம் சீக்கிரம் போய்விடும். எப்படி வைத்தாலும் ஒருநாள் போகத்தான் செய்யும். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: சாப்பாடும் தூக்கமும் குறைவது, மாத்திரையை விட்டுவிடுவது, யாரையும் பார்க்க மறுப்பது, ‘நானும் போய்விடுகிறேன்’ என்று சொல்வது. கடைசியாகச் சொன்னது ஒருமுறை காதில் விழுந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.