சிறிய பாய்ப்படகின் பாய்மரத்தை ஒரே ஆள் ஏற்றி இறக்க முடியுமா?

முடியும், ஆனால் கை பலத்தை மட்டும் நம்ப வேண்டாம். பின்பக்கமாகப் படுத்திருக்கும் மரத்தைக் கிளப்பும் முதல் கட்டம்தான் கனம். மரத்தின் மேல்பகுதியிலிருந்து படகின் முன்முனைக்கு வரும் முன்கம்பி அப்போது மரத்தோடு கிட்டத்தட்ட ஒட்டியே கிடக்கும். இழுத்தால் மரம் அடிப்பக்கம் அழுந்துமே தவிர எழும்பாது. அதனால் மரத்தின் அடியில், அதற்குச் செங்குத்தாக ஒரு துணைக் கம்பத்தைப் பொருத்தி, அதன் நுனி வழியாக இழுகயிற்றைக் கொண்டுபோய் கப்பியாலோ வின்ச்சாலோ (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) இழுப்பார்கள். கோணம் பெரிதானதும் மரம் இலகுவாக எழும்.

அப்புறம் பக்கவாட்டு ஆட்டம். மரத்தை இருபுறமும் பிடிக்கும் பக்கக் கம்பிகள் படகில் மாட்டும் இடம், மரம் மடங்கும் அடிக்கீலுக்குப் பின்னால் இருந்தால், மரம் சாயும்போது அவை தளர்ந்துவிடும். கீலின் அச்சுக்கு நேராக இருபுறமும் தற்காலிகக் கயிறு கட்டினால் ஆட்டம் நிற்கும். பாதி வழியில் கம்பி எதிலாவது சிக்கினால் மேலும் இழுக்காதீர்கள், நிறுத்திப் பாருங்கள்.

இறக்கும்போது வரிசை தலைகீழ். இழுகயிறு பாரத்தைத் தாங்கிய பிறகே முன்கம்பியைப் படகோடு பிணைக்கும் ஊசியைக் கழற்றுங்கள். மரம் தாழத் தாழ பாரம் கூடும். கீழே யாரும் நிற்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன், தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய மரத்தில் மின்சாரம் பாயும், உயிரே போய்விடும்.