முகம் பார்க்காத பிள்ளைக்குக் கேட்கப் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்களுக்குத் தங்கச்சிமடம். மகனுக்கு எட்டு வயது. எதைச் சொன்னாலும் மூன்று தடவை கத்தினால்தான் திரும்புகிறான். யார் பேசினாலும் குறுக்கே பேசுகிறான். ‘முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேங்கிறான்’ என்று டீச்சரும் சொல்கிறார். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். காது கொடுத்துக் கேட்க இவனை எப்படிப் பழக்குவது?

பதில்: பழக்குவது இருக்கட்டும், முதலில் காதைக் காட்டிவிடுங்கள் அம்மா. சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தங்கினால் பல பிள்ளைகளுக்கு வலியே இருக்காது. பேச்சு மட்டும் மங்கலாகக் கேட்கும். ஒரு வாரம் தெளிவாகக் கேட்கும், மறுவாரம் கேட்காது. அதனால்தான் ‘வேணும்னே பண்றான்’ என்று அடி விழுகிறது. காதில் சீழ் வடிந்தாலும், டிவி சத்தத்தை அவன் கூட்டிக்கொண்டே போனாலும் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

முகம் பார்க்காததற்காக அவனைக் கோபிக்க வேண்டாம். திட்டும்போது நிமிர்ந்து பார்த்தால் ‘என்ன முறைக்கிற?’ என்கிறோம். அதே பிள்ளையிடம் பள்ளியில் ‘என்னைப் பார்த்துப் பேசு’ என்றால் அவன் எதைச் செய்வான்? உடம்பு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறதா, சொல்கிற பதில் கேட்டதோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். அது போதும். சின்ன வயதிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலும், எதையும் விரல் நீட்டிக் காட்டாமலும் இருந்தவன் என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

‘பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான்’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. தனிச் சொற்களைச் சொல்லும் குரலிலும் முகத்திலும் தெரிகிற விருப்பு வெறுப்பைத்தான் அவர் பார்த்தார், எல்லாப் பேச்சையும் அல்ல.

இனி உங்கள் பக்கம். நீங்கள் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறீர்கள். அவன் ஓடிவந்து, ‘அம்மா, இன்னைக்கு என்னைய விளையாட்டுல சேர்த்துக்கலை’ என்கிறான். ‘சரி சரி, கைகால் கழுவிட்டு வா’ என்கிறீர்கள். பேச்சு அங்கேயே முடிந்தது. அதற்குப் பதில் அரிவாள்மனையை ஓரமாக வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையோடு அவன் பக்கம் திரும்பி, ‘சேர்த்துக்கலையா? அப்புறம்?’ என்று கேளுங்கள். ‘நான்தான் அவுட்டுன்னாங்க, நான் அவுட்டே இல்ல’ என்று மிச்சமும் வரும். கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்பதை அவன் உங்களிடம்தான் முதலில் பார்க்கிறான். அறிவுரையை அப்போது சொல்லாதீர்கள். இப்படிக் கேட்பதற்கு 1957-இல் ‘ஆக்டிவ் லிசனிங்’ என்று பெயர் வைத்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும். சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லி ‘இதுதானே?’ என்று சரிபார்ப்பது அதன் உயிர்நாடி.

அதை விளையாட்டாகவே பழக்கலாம். வயர்லெஸ்ஸில் பேசுவதுபோல நீங்கள் ஒரு சேதி சொல்ல வேண்டும், அவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் சேதியைச் சொல்லலாம். குறுக்கே பேசுவது இதில் மெல்லக் குறையும். இன்னொன்று அப்பாவுக்கு. எஞ்சின் இரைச்சலில் படகில் கையாலேயே எத்தனை சேதி சொல்லிக்கொள்கிறார்கள்! அதுபோல ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் கையாலும் முகத்தாலும் அவனிடம் பேசச் சொல்லுங்கள். முடிந்ததும், ‘அப்பா கோவமா இருந்தேனா, களைப்பா இருந்தேனா? எதை வச்சுச் சொல்ற?’ என்று அவர் கேட்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் அவர் கரையில்தான் இருப்பார், பாதி நாள் பள்ளிக்கும் விடுமுறை. வலையைச் சரிபார்க்கும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் மூன்று எண்ணும்வரை அடுத்த கேள்வி வேண்டாம். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொல்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். ‘படிச்சியா?’ என்ற கேள்வியை மட்டும் அந்த நேரத்தில் அவர் கேட்காமல் இருக்கட்டும்.