வாசகர் கேள்விகள்: சின்ன ஊர் கம்யூனிட்டி காலேஜ்

கேள்வி: அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் இன்ஜினியராக வேலை பார்க்கிறார், கிரீன் கார்டு எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பதினெட்டு வயது மகள் இந்த வருஷம் பள்ளி முடிக்கிறாள். பக்கத்தில் இருக்கும் அரசு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, அப்புறம் பல்கலைக்கழகத்துக்கு மாறி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிக்கிறேன் என்கிறாள். சிகாகோவில் இருக்கும் என் அண்ணி, "அங்கெல்லாம் மார்க் வாங்காத பிள்ளைகள்தான் போவார்கள்" என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அனுப்பலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அனுப்பலாம், ஆனால் சேர்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் அண்ணியின் பேச்சை முடித்துவிடுவோம். கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருஷப் படிப்பு தரும் உள்ளூர் கல்லூரி, பள்ளிப் படிப்பை முடித்த யாருக்கும் அங்கே இடம் உண்டு என்பது உண்மைதான், அதனால் படிப்பு மட்டம் என்று ஆகிவிடாது. விண்வெளி ஓடத்துக்கு முதன்முதலாகத் தலைமை தாங்கிய பெண் ஐலீன் காலின்ஸ். அவர் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற சின்ன ஊரின் கம்யூனிட்டி காலேஜில் 1976-ல் படித்து முடித்து, அங்கிருந்து சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அண்ணியிடம் சொல்லிப் பாருங்கள்.

பணக் கணக்கும் உங்கள் மகள் பக்கம்தான். 2024-25 கல்வியாண்டில் அரசு கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர் மாணவருக்குச் சராசரிக் கட்டணம் வருஷத்துக்கு 4,050 டாலர், அரசுப் பல்கலைக்கழகத்தில் அதே மாநில மாணவருக்கு 11,610 டாலர். இது கட்டணம் மட்டும். வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதி, சாப்பாட்டுச் செலவும் மிச்சம். ஆனால் ஒன்று, முதல் வருஷமே நேரடியாகச் சேர்பவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் நடுவில் வந்து சேர்பவர்களுக்கு அதே அளவில் கிடைக்காது. மகளுக்கு நல்ல மார்க் இருந்தால் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பித்து, கைக்கு வரும் கடைசித் தொகையை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது அந்த ஒரு வேலை. கம்யூனிட்டி காலேஜில் படிப்பைத் தொடங்குபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நான்கு வருஷப் படிப்புக்கு மாறுகிறார்கள், தொடங்கியவர்களில் ஆறு வருஷத்துக்குள் அந்த நான்கு வருஷப் பட்டத்தை வாங்குபவர்கள் சுமார் 16 சதவீதம். வேலை, குடும்பம், பணம் என்று காரணம் பல இருந்தாலும், தடுத்திருக்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு: படித்த பாடம் அந்தப் பக்கம் போய் உதவாமல் போவது. "உங்கள் கிரெடிட் எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று காலேஜில் சொல்வார்கள் (கிரெடிட் என்பது முடித்த பாடத்துக்குக் கணக்கு வைக்கும் அலகு), அது பொய்யும் இல்லை. ஆனால் டிரான்ஸ்ஃபர் ஆவது வேறு, இன்ஜினியரிங் பட்டத்துக்குத் தேவையான பாடமாகக் கணக்கில் வருவது வேறு. காலேஜின் பாடப் பட்டியலைத் திறந்தால் இயற்பியல் பெரும்பாலும் இரண்டு விதமாக இருக்கும், ஒன்று அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும் போதும் என்கிற பாடம், இன்னொன்று கால்குலஸ் தெரிந்தவர்களுக்கானது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், கிரெடிட்டும் ஒன்றாகவே இருக்கலாம், முதலாவதைப் படித்துவிட்டுப் போனால் பல்கலைக்கழகம் அதை விருப்பப் பாடம் என்று குறித்துக்கொண்டு, "சரி, இனி இன்ஜினியரிங் மாணவர்களுக்கான இயற்பியலைப் படி" என்று சொல்லிவிடும். போச்சு, கட்டிய ஃபீஸும் போச்சு ஒரு வருஷமும் போச்சு.

அதனால் எங்கே முடிக்கப் போகிறாள் என்பதை இன்றைக்கே தீர்மானித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்வோம், எந்தக் காலேஜின் எந்தப் பாடம் தங்களுடைய எந்தப் பாடத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழகங்கள் இணையதளத்தில் பட்டியல் வைத்திருக்கின்றன, அதை எடுத்துக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்ஃபர் அட்வைசரிடமே பேசச் சொல்லுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காலேஜில் இருக்கும் அட்வைசர் நல்லவராகவே இருப்பார். ஆனால் சின்ன காலேஜில் அவர் ஒருவரே நர்சிங், வெல்டிங், விவசாயம், இன்ஜினியரிங் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார், பாவம்.

சின்ன காலேஜுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. மூன்றாவது கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், ஸ்டாடிக்ஸ் எல்லாம் பட்டியலில் இருக்கும், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவார்கள், ஆள் சேரவில்லை என்றால் வகுப்பு தொடங்கும் வாரத்தில் ரத்தும் செய்வார்கள். ஒன்று முடித்தால்தான் அடுத்தது என்று இருக்கும் பாடங்கள் இவை, ஒன்று தவறினால் எல்லாமே தள்ளிப்போகும். கடந்த இரண்டு மூன்று வருஷ வகுப்பு அட்டவணை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், எது உண்மையில் நடக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். நடக்காத பாடத்தை மாநிலத்தின் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் படிக்கலாம், அதையும் பல்கலைக்கழகத்தைக் கேட்டுவிட்டுத்தான். அசோசியேட் பட்டத்தில், அதாவது கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருஷப் பட்டத்தில், 'அப்ளைட் சயன்ஸ்' என்று வந்தால் கூடுதல் கவனம் தேவை. அது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கான படிப்பு, பல்கலைக்கழகத்தில் அதற்கு மதிப்பு குறைவு.

அப்புறம் விசா. எச்-1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம், தனி விசா வேண்டாம். ஆனால் ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் பெல் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை) மாதிரியான மத்திய அரசு உதவி கிடையாது. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், உங்கள் மகள் அப்போது மூன்றாம் வருஷத்தில் இருப்பாள், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரலாம். அப்போது உள்ளூர்க் கட்டணம் தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பதிவாளர் அலுவலகத்தையும் குடியேற்ற வக்கீலையும் இப்போதே கேளுங்கள், இருபதரை வயதில் இல்லை.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊர் பாலிடெக்னிக் மாதிரிதானே?
— ஒரு வாசகர்

பதில்: பாதி அப்படி. வெல்டிங், டீசல் மெக்கானிக், எலெக்ட்ரிகல் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இவற்றில் மிகப் பழையது என்று சொல்லப்படும் ஜோலியட் ஜூனியர் காலேஜ், 1901-ல் இல்லினாயில் தொடங்கியது, தொடங்கப்பட்டதே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருஷப் பாடங்களை உள்ளூரிலேயே சொல்லிக்கொடுக்கத்தான். இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கும்.

கேள்வி: எனக்கு 19 வயது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டிப் போகிறேன். வகுப்பில் பாதிப் பேர் என் அம்மா வயது, வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். பள்ளி நண்பர்கள் பெரிய கேம்பஸிலிருந்து படம் போடுகிறார்கள். வாழ்க்கை வீணாகிறதோ என்று தோன்றுகிறது.
— ஒரு மாணவர், கன்சாஸ்

பதில்: தம்பி, தனிமை நிஜம்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்ததும் நேராகக் காருக்குப் போகாதே. வாரத்தில் இரண்டு நாளாவது டியூட்டரிங் சென்டரில் உட்கார், கணக்கு நன்றாக வந்தால் அங்கேயே சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கேள், நான்கு பேர் முகம் தானாகப் பழகிவிடும். அந்த அம்மா வயதுக்காரர்களோடு சேர்ந்து பரீட்சைக்குப் படித்துப் பார், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வந்து படிக்கிறவர்கள் நேரத்தை வீணாக்குவதில்லை. ஆசிரியர்களின் அலுவல் நேரத்தில் போய்ப் பேசு. இருபது பேர் வகுப்பில் உன் பெயர் அவருக்குத் தெரியும், நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதும்போது எழுத விஷயம் இருக்கும், முந்நூறு பேர் அரங்கில் உட்கார்ந்திருக்கும் உன் நண்பனுக்கு அது அவ்வளவு லேசில் கிடைக்காது. ஃபை தீட்டா கப்பா என்ற கௌரவச் சங்கம் இந்த மாதிரிக் காலேஜ்களுக்கென்றே 1918-லிருந்து இருக்கிறது. அழைப்பு வந்தால் குப்பையில் போடாதே, அதன் உறுப்பினர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன.

கேள்வி: இந்தியாவில் பி.காம். முடித்தேன், கல்யாணமாகி இங்கே வந்து கிரீன் கார்டும் கிடைத்துவிட்டது. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிக்க ஆசை. இரண்டு வருஷப் படிப்பு போதுமா?
— ஒரு வாசகி

பதில்: ஆர்.என்., அதாவது உரிமம் பெற்ற நர்ஸ், ஆவதற்குப் போதும். இரண்டு வருஷம் படித்தவரும் நான்கு வருஷம் படித்தவரும் உரிமத்துக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு. பெரிய நகர மருத்துவமனைகள் பி.எஸ்.என். என்ற நான்கு வருஷ நர்சிங் பட்டம் கேட்பது உண்டு, அதை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிப்பவர்கள் நிறைய. ஆனால் காலேஜில் சேர்ந்துவிட்டால் நர்சிங்கில் சேர்ந்துவிட்டதாக ஆகாது, பல இடங்களில் அனாடமி, ஃபிசியாலஜி எல்லாம் முதலில் முடித்து, இருக்கும் கொஞ்சம் இடத்துக்குப் போட்டி போட வேண்டும், இரண்டு வருஷம் என்பது மூன்றாகிவிடும். இன்னொன்று, கிரீன் கார்டு இருந்தாலும் வெளிநாட்டில் வாங்கியதானாலும் ஒரு இளங்கலைப் பட்டம் இருப்பவர்களுக்குப் பொதுவாக பெல் கிராண்ட் கிடைக்காது, கடன் வாங்கலாம். பி.காம். கையில் இருப்பதால், ஏற்கனவே பட்டம் உள்ளவர்களுக்கான விரைவு பி.எஸ்.என். படிப்பையும் விசாரியுங்கள். கட்டணம் கூடுதல்தான், சீக்கிரம் முடியும். உங்கள் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில் அது இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.